முட்டைக்குக் கீழே கருங்கல்

தனசிங் தன் ஆயுளில் அதிகம் பேசியவர் இல்லை. பேசிய கொஞ்சத்திலும் ஒரே ஒரு வாக்கியம்தான் அவரைக் கவிழ்த்தது. அதனால் அவர் பட்ட பாட்டை எழுதிக் காயப்போட்டால், மெட்டுகூடாவிலிருந்து உப்பல் வரைக்கும் தார்ரோட்டில் இடம் போதாது.

சொன்ன நாள், எண்பதாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சொன்ன இடம், மச்சான் ஏனோக் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. ஏனோக், தனசிங்கின் மனைவி சாராவுக்கு மூத்த அண்ணன். ஆட்டுக்கறிக் குழம்பும் நெய்ச்சோறும் கழுத்துவரை இறங்கிய பிறகு, மனுஷனுக்கு வருகிற அந்த நிம்மதியில் தனசிங் ஏப்பத்தோடு ஏப்பமாக அதைச் சொன்னார்.

"மழைக்காலத்துல மட்டும் நம்ம வண்டி ஒரு சாண் ஒசரமா இருந்தா நல்லாத்தான் இருக்கும், மச்சான்."

அவ்வளவுதான். கை கழுவப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால், ஏனோக் குழம்பு தொட்ட விரலால் மேஜைவிரிப்பின் மேல் படம் வரைந்துகொண்டிருந்தார். அதில் நான்கு சக்கரமும் ஒரு புகைக்கூண்டும் இருந்தன.

ஏனோக் யார் என்று செகந்தராபாத் தமிழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் ஓர் அரசாங்க இயந்திரத் தொழிற்சாலையில் சார்ஜ்மேன். அணைக்கட்டுக்கும் அனல்மின் நிலையத்துக்கும் போகிற சாமான்களை வார்த்துக் கடைந்து பழகிய கை. அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சுருங்காது. தங்கச்சிக்கு அவர் செய்துகொடுத்த முறுக்கு உரலை இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். தங்கச்சி மகள் பேபிக்குக் கட்டிக்கொடுத்த தொட்டிலில் யானைக்குட்டியைப் போட்டுத் தாலாட்டலாம். பேபி காலேஜுக்குப் போன பிறகும் அதை அவிழ்க்க முடியாமல், அதில்தான் வீட்டு மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மெட்டுகூடாவில் தனசிங் வீட்டு வாசலில் 'எபெனேசர்' என்று இரும்பு எழுத்து பொருத்திய வளைவும் அவர் போட்டதுதான். ஒரு தடவை முனிசிபாலிட்டி லாரி அதில் மோதியது. லாரியைத்தான் இழுத்துக்கொண்டு போனார்கள்.

வண்டி என்றது ஒரு நீல நிறப் பிக்கப். அதற்கு ரெபேக்கா என்று பெயர். சாராவின் செத்துப்போன பெரியம்மா பெயர் அது. அந்த அம்மாள் மடியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராதாம். வண்டியும் அப்படித்தான். பள்ளத்தில் இறங்கினால் பெருமூச்சு விட்டு இறங்கும், ஏறினால் இன்னொரு பெருமூச்சு விட்டு ஏறும். அதற்கு ஒரு காரணம் உண்டு. தினமும் காலையில் அதில் போனது முட்டை. உப்பலுக்கு அப்பால் சாராவுக்கு அப்பா எழுதிவைத்த நாலு ஏக்கரில் கோழிப்பண்ணை. நாலு ஏக்கரில் மூன்றரை ஏக்கர் பாறை. மிச்ச அரை ஏக்கரில் கொட்டகைகள். அங்கிருந்து முட்டையை ஏற்றிக்கொண்டு, ஹப்சிகூடா, தார்நாக்கா வழியாக இரானி ஹோட்டல்களுக்கும் பேக்கரிகளுக்கும் போடுவது தனசிங்கின் பிழைப்பு. அந்த ரோட்டில் எந்தப் பள்ளம் எந்த மாசத்தில் பெருக்கும் எந்த மாசத்தில் இளைக்கும் என்று அவருக்குத் தெரியும். மாதக்கணக்கில் ஒரு முட்டைகூட விரிசல் விடாமல் கொண்டுவந்திருக்கிறார். சில கோழிகள் தாங்களே அந்த வண்டியில் ஏறி வந்து டவுனில் முட்டையிடலாமா என்று யோசித்ததாகக்கூடக் கேள்வி.

ஒரே ஒரு தொல்லை, அந்த வாகு. ரோட்டுக்கும் பண்ணைக்கும் நடுவே குறுக்கே படுத்திருக்கும் ஓடை. தெலுங்கில் வாகு என்பார்கள், சாராவும் அப்படித்தான் சொல்வாள். பத்து மாசம் அதில் மணல்தான் ஓடும். மழைக்காலத்தில் ஒன்றிரண்டு வாரம் அது தன்னைக் கோதாவரி என்று நினைத்துக்கொள்ளும். போன மழைக்கு வண்டி மணலில் பாதி புதைந்து இஞ்சினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டது. தீனி அக்கரை போகவில்லை. பட்டினி கிடந்த கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. தண்ணீர் வடிந்து சாரா போய்க் கொட்டகைக் கதவைத் திறந்தபோது பாதிக்குப் பாதிதான் எழுந்து நின்றன. அவள் அழவில்லை. செத்ததை எல்லாம் அவளே பொறுக்கிக் குழியில் போட்டாள். இன்னொரு மழைக்கு இப்படி ஆனால் பண்ணை அதோடு சரி. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. தனசிங் அந்த வாக்கியத்தைச் சொன்னதும் அதனால்தான்.

வேலை ஞாயிற்றுக்கிழமைகளில், தனசிங் வீட்டெதிரே தெருவோரத்தில் நடந்தது. கோயிலில் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் ஏனோக் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொள்வார்.

"ஓய்வுநாள்ல வெல்டிங்கா அண்ணே? பாதிரியார் பாத்தா என்ன சொல்லுவாரு?" என்றாள் சாரா.

"ஏட்டி, கெணத்துக்குள்ள ஆடு விழுந்து கெடந்தா ஓய்வுநாள்னாலும் தூக்கணும்னு வேதத்துலயே இருக்குல்லா?"

"ஆடு எங்க கெடக்கு? வண்டிதான கெடக்கு."

"கோழி கெடந்துதுல்லா போன வருசம்? போ, போய்க் காப்பி போட்டுக் கொண்டா."

முதலில் டயர். மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்தில் எடுத்தது. ஒவ்வொன்றும் பல்லும் நகமுமாக இருந்தது. ரெபேக்காவின் சக்கர வளைவுக்குள் அது நுழையாது என்று தெரிந்ததும், ஏனோக் வளைவை வெட்டி எறிந்தார். அடுத்தது கமான்பட்டை. வண்டியின் கீழே வில்லாக வளைந்து பாரம் தாங்குகிற இரும்புப் பட்டைகள் இருக்கிறதே, அதுதான். ரெபேக்காவுக்கு இருந்த பட்டைகள் போதாது என்று, பழைய லாரி ஒன்றின் பட்டைகளையும் சேர்த்து அடுக்கினார்.

"இவ்வளவு எதுக்கு மச்சான்? நான் ஒரு சாண்தான கேட்டேன்."

"நீரு சும்மா இரும்வே மாப்ள. எங்க ஃபாக்டரியில ஒரு டன் தாங்கணும்னா ஆறு டன்னுக்குப் போடுவோம். அதுக்குப் பேரு சேஃப்டி."

"முட்டை ஆறு டன் வராதே."

"இப்ப வராது. நாளைக்கு வரும். கோழி பெருகும்லா?"

அப்புறம் இஞ்சின் வயிற்றுக்குக் கீழே கால் இஞ்ச் கனத்தில் ஒரு இரும்புத் தகடு, பாறையில் உரசினாலும் பாறைக்குத்தான் காயம் என்கிற மாதிரி. புகைக்குழாயையும் காற்றுக்குழாயையும் தண்ணீர் புகாதபடி கூரைக்கு மேலே தூக்கி நிறுத்தியது. முன்னால் இரண்டு கொக்கி, பின்னால் இரண்டு. கடைசியில், எதுவும் லூஸாகி விழுந்துவிடக் கூடாது என்று, எல்லா நட்டுகளின் மேலும் ஒரு பொட்டு வெல்டு.

பக்கத்து வீட்டு ஜம்புநாதன் காம்பவுண்டுச் சுவரில் கன்னத்தை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். கும்பகோணத்துக்காரர். நாற்பது வருஷம் ஹைதராபாத் தண்ணீர் குடித்தும் காவிரித் தமிழ் கரையவில்லை.

"தனசிங் சார், இந்த வண்டியை வெச்சுண்டு நீங்க எந்த தேசத்து மேல படையெடுக்கப்போறேள்?"

"மழைக்கு மட்டும்தான் சார். வருசத்துல ரெண்டு வாரம்."

"மிச்ச அம்பது வாரம்?"

தனசிங் குனிந்து, வெட்டிப்போட்ட சக்கர வளைவை எடுத்து ஓரமாகச் சாய்த்தார்.

வேலை முடிந்து வண்டியை வீட்டுக்குள் எடுத்தபோது புகைக்கூண்டு வாசல் வளைவில் சிக்கியது. ஏனோக் செய்த வளைவுக்கும் ஏனோக் செய்த குழாய்க்கும் நடந்த போரில் இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் டயரில் காற்றை இறக்கித்தான் வண்டியை உள்ளே தள்ளினார்கள். அன்றிலிருந்து ரெபேக்கா தெருவில்தான் நின்றாள். சாரா வண்டியில் ஏறச் சமையலறை முக்காலியைக் கொண்டுவந்தாள்.

"இறங்கறப்ப என்ன செய்ய? கப்பல்ல மாதிரி நூலேணி போடுவீயளா?"

"குதிச்சிரு," என்றார் ஏனோக். "நான் பிடிச்சிக்கிடுதேன்."

முதல் நாள் முட்டை ஏற்றிப் பண்ணையை விட்டுக் கிளம்பினார் தனசிங். வாகு மணலில் ரெபேக்கா ராணி மாதிரி கடந்தாள். அவருக்கே கொஞ்சம் கர்வம் வந்தது. தார்ரோட்டில் ஏறினார். முதல் பள்ளம். அந்தப் பள்ளம் அவருடைய இருபது வருஷ சிநேகிதம். வழக்கம்போல் காலைத் தளர்த்தி மெதுவாக இறக்கினார்.

ரெபேக்கா பெருமூச்சு விடவில்லை. உதைத்தாள்.

தனசிங்கின் தலை கூரையில் இடித்தது. பின்னால் 'களக்' என்று ஒரு சத்தம். ஆறு டன்னுக்குப் போட்ட பட்டைகளுக்கு முட்டைகளின் பாரம் ஒரு பொருட்டா? அவை வளையவே இல்லை. ரோட்டின் ஒவ்வொரு நெளிவையும் அப்படியே முட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. உப்பலில் வண்டியின் பின்கதவிலிருந்து மஞ்சளாக ஒழுகத் தொடங்கியது. ஹப்சிகூடாவில் ஒரு நாய் பின்னால் வந்தது. அது போய்த் தன் சொந்தபந்தத்தைக் கூட்டி வந்தது. தார்நாக்கா வருவதற்குள் பின்னால் வந்த நாய்க் கூட்டத்தைப் பார்த்து, ஏதோ கட்சி ஊர்வலம் என்று பஸ்கள் ஒதுங்கி நின்றன.

இரானி ஹோட்டல் முதலாளி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தனசிங் சாப், ஆம்லெட் ஹம் பனாதே. ஆப் கைக்கு பனாக்கே லாரே?"

ஆம்லெட் போடுவது எங்கள் வேலை அல்லவா, நீங்களே ஏன் போட்டுக் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார். அது இன்னும் வலித்தது.

அன்று தொடங்கியது எபெனேசர் வீட்டின் முட்டைக் காலம். சாரா எதையும் வீணாக்குகிறவள் இல்லை. முட்டைத் தோசை, முட்டைப் பொடிமாஸ், முட்டைக் குழம்பு, முட்டை ஊற்றிய ஆப்பம், முட்டை ஊற்றாமல் இருந்திருக்கவேண்டிய ரசம். பேபி சாப்பாட்டு மேஜைக்கு வரும்போதே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, முட்டை வேண்டாம் என்று ஹைதராபாத் உருதுவில் அலறிக்கொண்டு வருவாள்.

"மம்மி, நக்கோ! அண்டா நக்கோ!"

"தின்னு. உங்க மாமா அன்பா செஞ்சு குடுத்தது."

மிச்சம் தெருவுக்குப் போனது. தெருநாய்களின் உடம்பில் முகம் பார்க்கலாம் என்கிற மாதிரி மினுமினுப்பு. கோயில் பாடகர் குழுவுக்குப் பச்சை முட்டையாகப் போனதில், அந்த வருஷம் குருத்தோலை ஞாயிறன்று அவர்கள் எடுத்த மேல்ஸ்தாயியில் கண்ணாடி ஜன்னல் ஒன்று அதிர்ந்து நின்றது. ஜம்புநாதனுக்கு முட்டை வாசமே ஆகாது. ஆனாலும் காலையில் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே மூக்கைத் தூக்கிக் காற்றில் நீட்டுவார்.

"இன்னிக்குக் கால்வாசி போயிடுத்தோ சார்?"

எண்ணிப் பார்த்தால் கால்வாசிதான் இருக்கும்.

தனசிங் ஏனோக்கிடம் சொல்லத்தான் போனார். நாலைந்து தடவை போனார். ஒவ்வொரு தடவையும் ஏனோக்கின் வாசலில் அவருடைய ஃபாக்டரி சிநேகிதர்கள் யாராவது நின்றார்கள். ஏனோக் தனசிங்கின் தோளில் கைபோட்டு, "இவர்தான் எங்க மாப்ள. ரெபேக்காவ ஓட்டுறது இவருதான்," என்பார், ஆகாய விமானம் ஓட்டுகிறவரைச் சொல்வது மாதிரி. சிநேகிதர்கள் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். ஏனோக்கின் மனைவி ஜெயசுந்தரி கேக் கொண்டுவருவாள். கேக்கில் முட்டை இருக்கும். அது எங்கிருந்து வந்த முட்டை என்று தனசிங்குக்குத் தெரியும்.

ஒருநாள் எப்படியோ வாயைத் திறந்துவிட்டார்.

"மச்சான், வண்டி கொஞ்சம் ஒதைக்குது."

"புதுசுல்லா. அப்படித்தான் ஒதைக்கும். பழகிரும்."

"வண்டி பழகிருமா?"

"நீரு பழகிருவீரு."

கடைசியில் யாருக்கும் சொல்லாமல் நாச்சாரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனார், பட்டைகளில் பாதியையாவது கழற்றிவிடலாம் என்று. மெக்கானிக் கீழே படுத்தான். ஸ்பானர் வழுக்கியது. பெரிய ஸ்பானர் கேட்டான். அது முறிந்தது. வெளியே வந்து, வெல்டு வைத்த நட்டுகளைக் கொஞ்ச நேரம் தரிசனம் செய்துவிட்டு, கையைக் கூப்பினான்.

"நக்கோ சாப். இது அவிழாது. யார் சாப் போட்டது?"

"என் மச்சான்."

மெக்கானிக் அவரை ஒரு நிமிஷம் இரக்கத்தோடு பார்த்தான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

வழி கண்டுபிடித்தது சாராதான். ஒருநாள் தீனி மூட்டைகளோடு பண்ணைக்குப் போகும்போது, தனசிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க, இந்தப் பள்ளம் எங்க போச்சி?"

"தாண்டியாச்சே."

"ஒதைக்கலயே!"

தனசிங்கும் அப்போதுதான் கவனித்தார். பழைய ரெபேக்கா. பழைய பெருமூச்சு. "தீனி மூட்டை இருக்குல்லா. பாரம் இருந்தா பட்டை வளையுது."

"அப்ப பெரியம்மா சாகல. பாரம் ஏத்துனாத்தான் கண்ணு முழிக்கிறா. முட்டைக்குக் கீழயும் பாரம் போட்டா என்ன?"

"பாரத்துக்கு எங்க போக?"

சாரா பண்ணையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மூன்றரை ஏக்கர் கருங்கல் அவளைப் பார்த்தது.

அன்றைக்கு வண்டியின் தளம் முழுக்கக் கல்லை அடுக்கினார்கள். பண்ணைக் காவலாள் எல்லய்யா கல்லைத் தூக்கிக் கொடுத்தான். கல்லுக்கு மேல் பலகை, பலகை மேல் வைக்கோல், வைக்கோல் மேல் முட்டை அட்டைகள். ரெபேக்கா அசைந்து அசைந்து, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி டவுனுக்குள் வந்தாள். ஒரு முட்டை உடையவில்லை. இரானி முதலாளி ஏமாற்றத்தோடு பார்த்தார். டீசல் மட்டும் இரண்டு பங்கு குடித்தது.

அதற்கப்புறம் அந்தக் கல் வண்டியை விட்டு இறங்கவில்லை. கோயிலுக்குப் போனாலும் கல்லோடுதான். கல்லை இறக்கிவிட்டுப் போனால் சாராவின் முதுகு போய்விடும். "சாமி கும்பிடக் கல்லையும் கூட்டிண்டு போறது உங்காத்துல மட்டும்தான் சார்," என்றார் ஜம்புநாதன். எபெனேசர் என்றால் உதவியின் கல் என்று சாரா அவருக்கு ஒருதரம் விளக்கம் சொல்லியிருந்தாள். அவர் வாசல் வளைவையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சுவருக்குப் பின்னால் மறைந்தார். சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கல்லைப் பார்த்தால் மச்சானுக்கு உறைக்கும் என்று தனசிங் நம்பினார். ஏனோக் வந்தார். பலகையைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீரா மாப்ள! பாறையவே தாங்குது. நான் சொன்னேம்லா, ஆறு டன்னு!"

தனசிங் வீட்டுக்குள் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

ஆகஸ்டில் மழை இறங்கியது. சும்மா இறங்கவில்லை. ஹுசேன்சாகரைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இறங்கியது. மூன்றாம் நாள் காலை எல்லய்யா கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மெட்டுகூடாவுக்கு வந்து நின்றான். இடுப்புவரை சேறு.

"அம்மா, வாகு வச்சிந்தி, பொங்கி வச்சிந்தி. தீனி சாயந்தரம் வரைக்கும்தான் உந்தி. கோழிலு கொத்திக்குது அம்மா."

தெலுங்கும் தமிழும் கலந்த அந்தக் குரலில் கோழிகளின் பசியும் சேர்ந்து நடுங்கியது. போன வருஷம் சாரா குழியில் போட்டதெல்லாம் அவள் முகத்தில் வந்து நின்றது. தனசிங் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டிச் சாவியைத் தேடினார். அது சட்டைப்பையில்தான் இருந்தது.

ஏனோக் ஃபாக்டரிக்கு லீவு போட்டுவிட்டு ரெயின்கோட்டோடு வந்துவிட்டார்.

"இன்னிக்குத்தான்வே நம்ம ரெபேக்காவுக்குப் பட்டாபிஷேகம்!"

கல்லையெல்லாம் தெருவில் இறக்கிவிட்டுத் தீனி மூட்டைகளை ஏற்றினார்கள். சாராவும் ஏனோக்கும் முன்னால் ஏறினார்கள், எல்லய்யா மூட்டைகளின் மேல் உட்கார்ந்தான். வாகு சிவப்பாக, நுரை தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. கரையில் மாட்டுவண்டிக்காரர்கள் இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். தனசிங் வாய்க்குள் ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டு இறக்கினார். தண்ணீர் டயரை மூடியது. கதவின் கீழ்விளிம்பைத் தொட்டது. புகைக்கூண்டு வானத்தைப் பார்த்துப் புகை விட்டது. பல்லும் நகமுமான டயர்கள் ஆற்றின் அடிவயிற்றைப் பற்றிக்கொண்டு ஏறின. அக்கரை! மாட்டுவண்டிக்காரர்கள் விசில் அடித்தார்கள். ஏனோக் ஜன்னல் வழியாக உடம்பை வெளியே விட்டு, கையை ஆட்டினார். தனசிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாசத்து உடைசலும் இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் என்றால், சரி, இருக்கட்டும் என்று தோன்றியது.

கொட்டகையில் தீனித் தொட்டிகள் நிரம்பின. கோழிகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொறிக்கிற சத்தம், தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரியே இருந்தது. சாரா கதவில் சாய்ந்து நின்று அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அங்கேயே நின்றிருந்தால் கதை சுபம். ஆனால் இரண்டு நாள் முட்டை அட்டை அட்டையாகத் தேங்கிக் கிடந்தது.

"முட்டையையும் கையோட கொண்டுபோயிருவோம் மாப்ள."

"நாளைக்குத் தண்ணி வடியட்டுமே மச்சான்."

"வடிஞ்ச பொறவு எந்த வண்டிதான் போவாது? ஏத்தும்வே."

"முட்டைன்னா கல்லு வேணுமே."

"கல்லும் போடுவோம். பாரம் இருந்தாத்தான் தண்ணி வண்டிய இழுத்திட்டுப் போவாது."

கேட்கும்போது அது நியாயமாகத்தான் இருந்தது. ஏனோக் சொல்கிற எதுவும் கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். எங்கேயோ இடிக்கிறது என்று தனசிங்குக்குத் தோன்றியது. தோன்றியதை வாய்க்குக் கொண்டுவர அவருக்கு எப்போதும் நேரமாகும். அதற்குள் கல் ஏறிவிட்டது, பின்னால் ஏனோக்கும் எல்லய்யாவும் ஏறிவிட்டார்கள்.

நடு வாகில் ரெபேக்கா நின்றாள். கல்லின் பாரத்தில் மணல் இளகி வழிவிட்டது. ஏனோக் "மிதியும், மிதியும்!" என்றார். தனசிங் மிதித்தார். டயர்கள் சுழன்று தோண்டிய தோண்டலில் இன்னும் கொஞ்ச நேரத்தில் பாதாள லோகத்துக் கூரை தெரிந்திருக்கும். தண்ணீர் கதவு வழியாக உள்ளே வந்து அவருடைய செருப்பைத் தூக்கி மிதக்கவிட்டது.

"இஞ்சின் நிக்கல, பாத்தீரா?" என்றார் ஏனோக், உண்மையான சந்தோஷத்தோடு.

"வண்டி நிக்குதே மச்சான்."

"வண்டி நிக்கும். இஞ்சின் நிக்கல!"

தனசிங் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்வதற்கு ஒன்றுமில்லை. முன்னே போகாது, பின்னே வராது. மேற்கே மலைப்பக்கம் இன்னும் கறுத்துக்கொண்டு வந்தது. இந்த வண்டி போனால் நாளைக்குத் தீனி இல்லை. தீனி இல்லையென்றால் கோழி இல்லை. கோழி இல்லையென்றால் சாரா மறுபடியும் அந்தக் குழியின் பக்கத்தில் போய் நிற்பாள். இவ்வளவும் தெரிந்தும் அவர் கை ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை. மடியில் முட்டை அட்டைகளை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாராவைத் திரும்பிப் பார்த்தார். அவள் அட்டைகளை அவர் மடிக்கு மாற்றினாள். சேலையை இழுத்துச் செருகினாள். கதவைத் திறந்து, முக்காலி இல்லாமல், தண்ணீருக்குள் குதித்தாள்.

"கல்ல எறக்குங்க."

"ஏட்டி, கல்ல எறக்கினா வண்டிய ஆறு கொண்டுபோயிரும்!"

"நீ சும்மா இரு அண்ணே. உன் முறுக்கு உரல் தொட்டு இன்னிக்கு வரைக்கும் நீ குடுத்த எல்லாத்தையும் தூக்கித் தூக்கி எங்க ரெண்டு பேருக்கும் இடுப்பு போச்சி. எறங்கி வந்து கல்லப் பிடி."

ஏனோக் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. அன்று எல்லய்யா பார்த்தான். அட்டைகளைக் கூரை மேலும் பானெட் மேலும் வைத்துவிட்டு, பலகைக்குக் கீழிருந்து கல்லை உருவினார்கள். சாரா முதல் கல்லை டயருக்கு முன்னால் போட்டாள். எல்லய்யா அடுத்ததைப் போட்டான். கரையில் குந்தியிருந்த வண்டிக்காரர்களும் இறங்கி வந்தார்கள். ஒரு கல் போட ரெபேக்கா ஒரு முழம் நகர்ந்தாள். இன்னொன்று போட இன்னொரு முழம். தனசிங் மட்டும் மடியில் முட்டையோடு, ஒரு காலால் மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு கல் விழும்போதும் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிக் கல் போனபோது வண்டி கரையேறி நின்றது. மலையில் பெய்த தண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது, மரக்கிளையை உருட்டிக்கொண்டு.

வண்டி பிழைத்தது. முட்டையும் முழுசாகக் கரை வந்தது. ஆனால் கீழே கல் இல்லை. இன்னொரு தரம் கல் பொறுக்க ஒருத்தர் கையிலும் தெம்பில்லை. அந்த உதைக்கிற வண்டியில் உப்பல் போய்ச் சேர்வதற்குள் பின்னால் 'களக், களக்' என்று எல்லாம் முடிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜம்புநாதன் சுவருக்கு மேல் மூக்கை நீட்டினார். கேட்க வந்ததைக் கேட்காமல், "ஸ்நானம் பண்ணிட்டுப் படுங்கோ சார்," என்று மட்டும் சொன்னார். அன்று சாரா போட்ட ஆம்லெட்டை மெட்டுகூடாவே சாப்பிட்டது. பேபிகூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

மழை ஓய்ந்து வாகு வடிந்தது. தனசிங், சாரா, ஏனோக் மூன்று பேரும் மறுபடி பண்ணைக்குக் கிளம்பினார்கள். தெருவில் இறக்கிவைத்த பழைய கல்லைத் தெருக்காரர்கள் துணி துவைக்க எடுத்துப்போய்விட்டதால் வண்டி வெறுமையாக, குதித்துக் குதித்துப் போனது. கரைக்கு வந்து பார்த்தால், சிவப்புத் தண்ணீருக்கு அடியில் கல் வரிசை கரைவரைக்கும் கிடந்தது. மணல் அதன் இடுக்கெல்லாம் நிறைந்து, சிமெண்ட் போட்ட மாதிரி இறுகியிருந்தது. மாட்டுவண்டிகள் இரண்டு அதன் மேல் போய்வந்து, இன்னும் நாலைந்து கல்லையும் சேர்த்துப் போட்டிருந்தன.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கரையிலிருந்து ஒரு பிக்கப் இறங்கியது. சந்திரமோகனுடையது, பக்கத்துப் பண்ணைக்கு முட்டை எடுக்க வருகிறவன். கம்பெனியிலிருந்து வந்த மேனிக்கு, ஒரு பட்டை கூட்டாமல், ஒரு குழாய் தூக்காமல், தரையோடு தரையாகப் படிந்த வண்டி. அது கல்லின் மேல் மெத்தென்று ஏறி, மெத்தென்று இறங்கி, கதவு நனையாமல் இக்கரை வந்தது. பெருமூச்சு விட்டுத் தார்ரோட்டில் ஏறியது. பின்னால் முட்டை அட்டைகள் அசையவில்லை.

சந்திரமோகன் தலையை வெளியே நீட்டினான். "யாரு சார் இந்தக் கல்லப் போட்டது? புண்ணியவான்! இனிமே எந்த மழைக்கும் கவலையில்ல."

போய்விட்டான். சாரா கல்லைப் பார்த்தாள், ரெபேக்காவின் டயரைப் பார்த்தாள், புகைக்கூண்டைப் பார்த்தாள். அப்புறம் அண்ணனைப் பார்த்தாள்.

ஏனோக் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"பாத்தீரா மாப்ள? நம்ம வண்டி மட்டும் இல்லன்னா, இந்தக் கல்லு இங்க வந்து சேந்திருக்குமா?"

தனசிங் வாயைத் திறந்தார். சொல்வதற்கு இந்த முறை ஒன்றல்ல, ஒரு நூறு வாக்கியம் வரிசையாக வந்து நின்றது. போன கிறிஸ்துமஸில் சொன்ன ஒன்றே ஒன்று நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அக்கரையில் அன்றைய முட்டை காத்திருந்தது. அவர் வண்டியைக் கல் வரிசை மேல் ஓட்டிப் பண்ணையில் கொண்டுபோய் நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டினார். பண்ணை வேலியோரம் போய், கைக்கு அடங்குகிற மாதிரி ஒரு கல்லைத் தேடிக் குனிந்தார். சாராவும் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"சின்னதாப் பாத்து எடுங்க," என்றாள் மெதுவாக. "நெதமும் தூக்கணும்லா."

பின்னால் ஏனோக் வண்டித் தளத்தைச் சாண்போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"மாப்ள, சும்மா கெடக்கிற கல்லு உருளும்லா? அதுக்குன்னு கீழ ஒரு பெட்டி அடிச்சிருவோம். கால் இஞ்ச் தகட்டுல. வார ஞாயித்துக்கெழமயே வேலையத் தொடங்கிருவோம்."